வீட்டுக்குப் போகிற பக்கம்

இன்று சனிக்கிழமை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். திறந்திருந்த ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. மிளகாய்த்தூள், எலுமிச்சை, பூண்டு, பிரிஞ்சி இலை, எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக ஆற்றுச் சேற்று மணம். பக்கத்து வீட்டுக்காரர் பேக்யார்டில் பெரிய அண்டாவை ஏற்றி கிராஃபிஷ் வேகவைத்துக்கொண்டிருந்தார். விரல் நீளச் சிங்கி இறால் என்று நீ எனக்கு விளக்கிய அதே ஜந்து. என்னைப் பார்த்ததும் வேலிக்கு மேல் தலையை நீட்டி, வந்து சாப்பிடுங்களேன் என்று கூப்பிட்டார். நான் சைவம் என்றேன்.

ஜன்னலை மூடியிருக்கலாம். மூடவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பழைய பொறாமைதான். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் உன்னை நினைத்தால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஒரு நாளும் உன்னிடம் வாய் திறந்து சொன்னதில்லை. அதனால் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் அந்த அபார்ட்மென்ட்டில் நமக்கு நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. நான் நங்கநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்து, கௌன்ட்டி அரசாங்கத்தின் போக்குவரத்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். நீ தூத்துக்குடியிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட். உன் வீட்டுக்காரர் சேவியர் அண்ணனுக்கு ஊரின் கிழக்குக் கோடியில் எண்ணெய் ரிஃபைனரியில் வேலை. போகவும் வரவும் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். என் வீட்டுக்காரருக்கு ஊர் ஊராக பிராஜெக்ட். ஆக, சாயங்காலங்கள் நம் இரண்டு பேருடையவை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சுவரில் தட்டுவாய். "ஏட்டி, வந்துட்டியா?"

என் வேலை என்னவென்று உனக்கு முதலில் புரியவே இல்லை. சாலைக்குக் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு, அதன் மேல் எத்தனை வண்டி ஏறுகிறது என்று பார்ப்போம் என்று சொன்னேன். "அதுக்கு இன்ஜினியரிங் வேற படிக்கணுமாக்கும்" என்று சிரித்தாய். பிறகு பார்க்கிறவர்களிடம் எல்லாம் என்னை, "இவ வண்டி எண்ணுறவ" என்றே அறிமுகப்படுத்தினாய்.

கடல் பார்த்து வளர்ந்த நீ, எனக்காக மீன் சமைப்பதை ஒளித்துவைத்தாய். நான் வராத நாளாகப் பார்த்து, ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக் குழம்பு வைப்பாய். மறுநாள் நான் மூக்கைச் சுளித்தால், "நேத்தே முடிஞ்சு போச்சுட்டி, பேசாம இரு" என்பாய். எனக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. வருஷக்கணக்காக என்னோடு உட்கார்ந்து தயிர்சாதமும் வத்தக்குழம்பும் சாப்பிட்டாய். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்புதான். ஆனால் உனக்கு அதில் என்ன விட்டுப்போனது என்று நான் யோசித்ததே இல்லை.

லாண்டரி ரூமில் துணி சுற்றி முடியும்வரை நாம் திட்டம் போடுவோம். ஒரு டிபன் கடை. மாவு உன்னுடையது, சாம்பார் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பம். கடைக்குப் பெயர்கூட யோசித்தோம்; எதுவும் பிடிக்கவில்லை. அவசரம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். நமக்குள் யார் வந்துவிடப் போகிறார்கள்?

ரோசலி வந்தாள். உன் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். லூசியானாவின் தெற்கே, சதுப்பு நிலத்து ஓரம் ஏதோ சிற்றூர். வீட்டில் அம்மாவோடு அவர்களுடைய பழைய பிரெஞ்சு பேசுவாள். தோள் அகலம், முகமெல்லாம் புள்ளி, சிரித்தால் பக்கத்து அறையில் கேட்கும். ஒரு வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாய். திரும்பி வந்தபோது உன் உதடு காரத்தில் வீங்கியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தாய்.

"ஏட்டி, மேசை மேல பேப்பர விரிச்சு அண்டாவோட அப்படியே கவுக்குறாங்கட்டி! உருளைக்கெழங்கு, சோளம் எல்லாம் அதுக்குள்ளயே கெடக்கு. தட்டு கெடையாது, ஸ்பூன் கெடையாது. எங்க அம்மா நண்டு அவிச்சா நாங்க இப்படித்தான் சுத்தி உக்காருவோம். எங்க வீட்டுக்கே போயிட்டு வந்த மாதிரி இருக்கு."

"சரி, கை அலம்பு முதல்ல" என்றேன்.

நீ கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாய். அலம்ப மனமில்லாமல் நின்றாய். என் சமையலறையில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாய். ஒரு நாளும் கையை முகர்ந்து பார்த்ததில்லை.

அதன்பிறகு உன் பேச்சில் எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். அவர்கள் ஊர்க் குழம்புக்காக மைதாவை எண்ணெயில் போட்டு, பொறுமையாக, செங்கல் நிறம் வரும்வரை கிண்டுவதை அவளிடம் கற்றுக்கொண்டாய். வெங்காயம், செலரி, குடமிளகாய் மூன்றையும் அவள் பரிசுத்த திரித்துவம் என்பாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இருவரும் ஒரே மாதா கோயிலுக்குப் போனீர்கள். அந்த மைதாவைக் கிண்டுவதில்கூட எனக்குப் பங்கு இருந்திருக்கலாம். முழங்காலில் நின்று ஜெபிப்பதில் நான் என்ன செய்ய முடியும்?

ஒருநாள் சுவரில் தட்டாமல் நேரே கதவுக்கு வந்தாய். "ரெஸ்டாரண்ட் போடப் போறோம்ட்டி. கேஜுன் ரெஸ்டாரண்ட், ரோசலி ஊருச் சாப்பாடு. நானும் அவளும்."

"நம்ம டிபன் கடை?"

"அதும் ஒரு நாள் போடுவோம். எங்க போயிரப் போகுது?" என்றாய். பிறகு என் கையைப் பிடித்தாய். "இடம் பாக்கணும். எந்த ரோட்ல எவன் போறான், எங்க நிப்பான்னு உன்னைய மாதிரி யாருக்குத் தெரியும்? நீ சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து போடுவேன்."

இப்படித்தான் நான் என் போட்டிக்காரிக்கு இடம் தேடக் கிளம்பினேன்.

சனிக்கிழமைகளில் உன் நீல நிறக் காரில் மூன்று பேர். உன் பக்கத்து இருக்கை எப்போதும் என்னுடையது. அதில் ரோசலி உட்கார்ந்தாள். அவளுக்கு முழங்கால் வலியாம், பின்னால் இடம் போதாதாம். நீதான் அவளுக்கு வைத்தியம் பார்ப்பவள், உனக்குத் தெரியாதா என்ன. நான் பின்னால், ஸ்பைரல் போட்ட சாலை வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, உங்கள் இருவரின் பின்னந்தலைகளையும் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் ஏதோ சொல்வாள், நீ ஸ்டியரிங்கில் அடித்துச் சிரிப்பாய். ஃப்ரீவே சத்தத்தில் பாதி எனக்குக் கேட்காது. "என்னது?" என்று கேட்டால், "அது சும்மாட்டி" என்பாய். ஒரு சிக்னலில் அவள் திரும்பி என்னைப் பார்த்து, "ஏட்டி, ஆர் யூ ஓகே?" என்றாள். உன் வாயிலிருந்து பொறுக்கியிருக்கிறாள். என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அன்று இரண்டாகிவிட்டது.

முதலில் பார்த்தது நம் ஹில்கிராஃப்ட்டிலேயே. புடவைக் கடைக்கும் டிராவல்ஸ் ஆபீசுக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடம். நம் அபார்ட்மென்ட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். உனக்கும் ஆசை இருந்தது. "நீ ஆபீஸ் விட்டு நேரா இங்க வந்துரலாம்லா" என்றாய். எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. ரோசலி வாசலில் நின்று அக்கம்பக்கத்தைப் பார்த்தாள். இங்கே வருகிறவர்களில் பன்றித் தொத்திறைச்சி சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் கேட்டதால் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது தெற்கே, வளைகுடா ஓரம், கீமா என்கிற ஊரில். மரப்பலகை போட்ட வராந்தா, அதற்குக் கீழே தண்ணீர், இறால் படகுகள். காரைவிட்டு இறங்கியவள் நீ அப்படியே நின்றுவிட்டாய். காற்று உன் முடியைக் கலைத்தது. "தூத்துக்குடி மாதிரியே இருக்குட்டி" என்று மெதுவாகச் சொன்னாய். ரோசலி உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தன் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றீர்கள், இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. நான் வராந்தாவில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல், அங்கே தனியாகப் போனேன். கார் நிறுத்துமிடம் காலி. கடற்பறவைகள்தான் நடந்துகொண்டிருந்தன. சனிக்கிழமை வருகிற கூட்டம் படகு பார்க்க வருகிற கூட்டம். வாரம் முழுவதும் ஒரு கடையைத் தாங்காது. அடுத்த சனிக்கிழமை மூவரும் அங்கே போனபோது இதை உங்களிடம் சொன்னேன். உன் முகம் வாடியது. ரோசலி கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "பாவம், இந்தச் சாப்பாட்டை நீ ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை. இதைத் தேடி யார், எங்கே வருவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

நீ ஏதாவது சொல்வாய் என்று உன்னைப் பார்த்தேன். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்குத் தெரியும். உங்கள் இருவருக்கும் தெரியாத ஓர் இடம் எனக்குத் தெரியும். கிழக்கே, கப்பல் கால்வாயைத் தாண்டி, பேடவுன் போகிற வழியில் நான் அந்த வருஷம் குழாய் போட்டிருந்தேன். ரிஃபைனரிகளில் ஷிஃப்ட் விட்டதும் அந்தச் சாலையின் ஒரு பக்கம் நிரம்பி வழியும். இரண்டு வண்டிக்கு ஒன்றில் லூசியானா நம்பர் பிளேட். வேலைக்காக எல்லை தாண்டி வந்து குடியேறியவர்கள், ஊரில் அம்மா செய்த சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்கள். அந்தப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட பழைய பார்பிக்யூ கடை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஆனால் அது நம் அபார்ட்மென்ட்டிலிருந்து ஊரின் மறுகோடி. அங்கே கடை போட்டால் நீ அங்கேதான் குடிபோவாய். சேவியர் அண்ணனின் ரிஃபைனரியும் அந்தப் பக்கம்தான். சுவரில் தட்ட ஆள் இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த இடத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தேன்.

"சாவியைக் குடு" என்றேன்.

"எதுக்குட்டி?"

"நான் ஓட்டறேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு காட்டணும்."

அன்று முன் இருக்கையில் நான் இருந்தேன், ஸ்டியரிங்குக்குப் பின்னால். சாலையோரம் காரை நிறுத்தியபோது ஷிஃப்ட் விடும் நேரம். சனிக்கிழமையிலும் அங்கே ஷிஃப்ட் உண்டு. பிக்கப் டிரக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நான் ஆபீஸில் பேசுகிற குரலில் பேசினேன்.

"காலைல வேலைக்குப் போறவன் எங்கயும் நிக்க மாட்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போறவன்தான் நிப்பான். அவன் போற பக்கத்துல கடை இருக்கணும். ரைட் எடுத்து உள்ள வரணும், ரைட் எடுத்து வெளிய போகணும். லெஃப்ட் டர்னுக்கு வெய்ட் பண்ண வச்சா, பசியோட இருக்கறவன் அப்படியே வீட்டுக்குப் போயிடுவான். நம்பர் பிளேட்டப் பாரு."

நீ பார்த்தாய். ரோசலியும் பார்த்தாள். ஒரு டிரக்கின் பின்னால் ஒட்டியிருந்த ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படித்தாள். அவள் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊராம். இன்னொன்று. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நீ கதவைத் திறந்து குதித்து, "கெடச்சுட்டு!" என்று கத்தினாய். கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாய். அவளை.

நான் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து ஜன்னல் வழியாக என் கன்னத்தைக் கிள்ளினாய். "வண்டி எண்ணுறவன்னா சும்மாவா?" என்றாய். சிரித்தேன். நீ என்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காட்டிய கெட்டிக்காரத்தனம், உன்னை ஊரின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டது.

நீங்கள் வீடு மாற்றிப் போன பிறகு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவன் குடிவந்தான். அவனிடம் எந்தச் சத்தமும் இல்லை.

கடை திறந்த மாதம் நான் வந்தேன். ஒரு மேசையும் காலியில்லை. நான் சொன்னதுபோலவே வண்டிகள் வலது பக்கம் ஒடித்து உள்ளே வந்துகொண்டிருந்தன. ஓரத்து மேசை ஒன்றில் உட்கார்ந்தேன். நீ தோளில் துண்டோடு அவசரமாக வந்து, என் முகத்தைப் பார்க்காமலே, "ஹாய், வெல்கம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் முன்னால் மெனுவை வைத்தாய். அப்புறம்தான் பார்த்தாய். நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாய். "மன்னிச்சிருட்டி, கண்ணு தெரியல, அவ்வளவு கூட்டம்." பரவாயில்லை என்றேன். உன் கையால் எனக்கு ஒரு மெனு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் வந்தேன். நான் எண்ணிய அதே வண்டிகளோடு, அதே பக்கத்தில், கிழக்கே ஊர்ந்து வந்தேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார்: "சாப்பிட ஒண்ணுமில்லாத ஹோட்டலுக்கு இவ்வளவு தூரம் டிரைவ் பண்ற ஒரே ஆள் நீதான்." வெள்ளிக்கிழமை கீரை கம்போ இருந்தது; கம்போ என்றால் அவர்கள் ஊர்க் கெட்டிக் குழம்பு. தவக்காலத்தில் ரோசலியின் அம்மா செய்வாராம், கறி சேர்க்காமல், பல கீரைகளைக் குழைய வேகவைத்து. நீங்கள் அதை வருஷம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் வைத்தீர்கள். கஸ்டமர் விரும்பிக் கேட்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நீ சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டே இரண்டு வார்த்தை பேசுவாய். உள்ளே உன் சிரிப்பும் அவள் சிரிப்பும் சேர்ந்து கேட்கும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, எழுந்து வருவேன்.

உன் நோய் எங்களுக்கெல்லாம் அவகாசமே கொடுக்கவில்லை. கோடையில் வயிற்றுவலி என்றாய். குளிர் வருவதற்குள் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். வாசலில் இருந்த நர்ஸ், குடும்பத்தினர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றாள். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ரோசலி வந்தாள். அவள் எப்படி உள்ளே போனாள் என்று நர்ஸைக் கேட்டேன். "அவர் நோயாளியின் அக்கா அல்லவா?" என்றாள் நர்ஸ். அந்தப் புள்ளி முகத்தையும் மஞ்சள் முடியையும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறாள்! எனக்குத் தோன்றவில்லையே என்று அந்த இடத்திலும் எரிந்தது. ரோசலி என்னைக் காட்டி நர்ஸிடம், "இவள் கடைசித் தங்கை" என்றாள். நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்து, மூன்றாவதாக உன்னையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக, கூரையைப் பார்த்து இருந்தது.

நீ போன பிறகு கடைக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வண்டி தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. மாலைக் கூட்டம் இன்னும் வரவில்லை. ரோசலி ஓரத்து மேசையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். நானும் ஒரு கீரைக்கட்டு எடுத்துக்கொண்டேன். அவள் தன்னையறியாமல் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

தமிழ் மாதிரி இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? அவள் சமைக்கும்போது பாடுவது" என்றாள்.

நீ பாடுவாய் என்றே எனக்குத் தெரியாது. என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், பாட்டெல்லாம் எனக்கு வராதுட்டி என்று. சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்த எனக்குக் கிடைக்காத உன் குரல், இவள் காதில் இருக்கிறது. நீ செத்த பிறகும் உனக்காக இன்னொருத்தி மேல் இப்படிப் பொறாமைப்பட முடியுமா? கீரையைக் கீழே வைத்துவிட்டேன். "முழுசாகப் பாடு" என்றேன்.

நீ எப்போது பாடுவாய் என்பதையும் ரோசலி சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும். இந்தக் கீரை கொதிக்கும்போது, ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தன் அகலமான குரலில், ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவிப் பாடினாள். முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை. திரும்பப் பாடச் சொன்னேன்.

வண்டி எண்ணுறவ வருவாளோ,
மூஞ்சத் தூக்கிட்டு வருவாளோ,
கீரையத் தின்னா சிரிப்பாளோ,
இல்ல, கோவிச்சுட்டுப் போவாளோ.

வெளியே ஷிஃப்ட் விட்டு முதல் டிரக்குகள் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தன.

"என்ன அர்த்தம்?" என்று ரோசலி கேட்டாள். நான் அழுவதைப் பார்த்ததும் அவள் குரல் தாழ்ந்தது. "ஜெபமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் அவள் அடுப்படியில் அதைப் பக்தியோடு பாடிக்கொண்டிருக்கிறாள். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு தொடங்குகிறாள். உச்சரிப்பு தவறுகிற இடங்களை நான் திருத்துகிறேன். 'மூஞ்ச' அவளுக்கு இப்போது நன்றாக வருகிறது. அர்த்தத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அது ஒன்றாவது எனக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்ட்டி.